பொன்னேந்தலில் அவிழ்க்காத காப்பு

வைகாசி 3, ஞாயிறு

மதியம் பொன்னேந்தல் வந்து சேர்ந்தேன். கொண்டுவந்தவை: கல்லெழுத்தை ஒற்றி மைப்படி எடுக்கும் தாள், தென்னைநார்த் தூரிகை, மை, பஞ்சுப் பொதி, பூதக்கண்ணாடி, சர்க்கரை மாத்திரை பன்னிரண்டு நாளுக்கு. சோப்பை மறந்துவிட்டேன்.

கடிதம் போட்டு என்னை அழைத்தவர் ஊர்த் தலைவர் சேவுகமூர்த்தி. எல்லோரும் அம்பலம் என்றுதான் கூப்பிடுகிறார்கள். தங்குவதற்கு ஊர்க்கூடத்தைத் திறந்துவிட்டார். கூடத்துக்கு நேர் எதிரே கல் நிற்கிறது. தோள் உயரம், எண்ணெய் ஏறிக் கறுத்து, இடுப்பில் சிவப்புத் துண்டு. நாலெல்லை ஐயா என்று கும்பிடுகிறார்கள். பார்த்தவுடனேயே தெரிந்தது, அது எழுநூறு ஆண்டுக்கு முந்திய ஒரு பாண்டியன் காலத்துக் கல்வெட்டு. சாமியாக ஆனது பிற்பாடு.

"நம்ம ஊருக்கு ராசா எழுதிக் குடுத்த சாசனம் ஐயா இது. எங்க அய்யா காலத்துல ஒரு வாத்தியார் மேல நாலு வரி படிச்சாரு. பாக்கிய நீங்க படிச்சுச் சொல்லணும்" என்றார் அம்பலம்.

மைப்படி எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை காலைப் பேருந்தில் திரும்பிவிடுவேன், வாசகத்தைத் தபாலில் அனுப்புகிறேன் என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்பு எதற்கென்று புரியவில்லை.

வைகாசி 4, திங்கள்

பூசாரி வெள்ளைக்கண்ணு எண்ணெய்ப் பிசுக்கை அவர் கையாலேயே அரப்புத் தேய்த்துக் கழுவினார். நான் தொடக்கூடாதாம். பிறகு நனைத்த தாளை ஒட்டினேன், தூரிகையால் தட்டினேன், மை ஒற்றினேன். வேலையில் இருக்கும்போது எனக்குக் கை நடுங்குவதில்லை. மூன்று படிகள் எடுத்தேன். மூன்றாவதுதான் சுத்தம்.

கல்லைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். பாளையக்காரர் காலத்தில் இந்தக் கல்லைக் காட்டித்தான் வரி கட்டாமல் இருந்தார்களாம். வெள்ளைக்காரன் காலத்தில் ஜப்தி செய்ய வந்த அமீனா எல்லையைத் தாண்டப் பயந்து, வண்டியைத் திருப்பிக்கொண்டு போனானாம். அம்பலத்தின் தாத்தா காலத்தில் இதன் முன்னால் வைத்து ஒரு குடும்பத்தை ஊரைவிட்டு அனுப்பினார்களாம். "எல்லைக்குள்ள யாரு இருக்கலாம், யாரு இருக்கக் கூடாதுங்கிறது ஊரு சொல்றதுதான். அந்த அதிகாரம் கல்லுல இருக்கு" என்றார் அம்பலம்.

சாயங்காலம் தெற்குத் தெருக் கோடியில் ஒரு பெட்டிக்கடையைப் பார்த்துச் சோப்பு கேட்டேன். கடை நிறையச் சரக்கு. வாங்குவதற்கு ஆள் இல்லை. கடைக்காரப் பெண் சோப்பை நீட்டாமல் என்னையே பார்த்தாள்.

"வெளியூரா? எங்கிட்ட வாங்குனா உங்களையும் தள்ளி வச்சுருவாக. சொல்லலையா?"

அதற்குள் நான் சோப்பைக் கையில் எடுத்துவிட்டிருந்தேன். திருப்பி வைத்தால் அவள் மனம் நோகும், எடுத்துப் போனால் ஊர் கோபிக்கும். சோப்பும் கையுமாக நின்றேன்.

"எடுத்துட்டுப் போங்க. குளிக்காம இருந்தா மட்டும் விட்டுருவாகளா" என்றாள்.

பெயர் பஞ்சவர்ணம். ஏந்தல் கண்மாயின் மீன் குத்தகையில் நடந்த புரட்டை மாவட்ட ஆட்சியருக்கு மனுவாக எழுதிப் போட்டிருக்கிறாள். ஊர்க்கூட்டத்தில் விழுந்து கும்பிட்டு மனுவை வாபஸ் வாங்கச் சொன்னார்கள். மாட்டேன் என்றிருக்கிறாள். பங்குனியிலிருந்து அவளோடு பேச்சு இல்லை, கொடுக்கல் வாங்கல் இல்லை. ஊர் வழக்கில் அவள் தள்ளுபடி. அவளிடம் வாங்குகிறவர்களும் தள்ளுபடி. இதையெல்லாம் அம்பலமே பிறகு சொன்னார். "தெரியாம வாங்கிட்டீங்க, போகட்டும்" என்று என் சோப்பை மன்னித்தார்.

வைகாசி 5, செவ்வாய்

பேருந்துக்குக் கிளம்பிப் பையோடு வெளியே வந்தேன். கல்லின் முன்னால் ஊரே நின்றது. மேளம். அம்பலம் என் தோளில் கைபோட்டு முன்னால் கூட்டிப்போனார். "ஐயாவுக்கு மொத மரியாதை. காப்புக் கட்டுங்க."

பூசாரி மஞ்சள் கயிற்றோடு நின்றார். கையை நீட்டினேன். மறுத்துச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. கட்டி முடித்த பிறகுதான் விதிகளைச் சொன்னார்கள்.

எட்டு நாள் திருவிழா. காப்புக் கட்டிவிட்டால் ஊர் எல்லையில் திசைக்கு ஒன்றாக நட்ட நான்கு சூலக்கல்லைத் தாண்டி யாரும் வெளியே போகக்கூடாது, வெளியிலிருந்து ஆளும் பொருளும் உள்ளே வரக்கூடாது. எல்லைக்குள் ஒருவர்மேல் ஒருவர் கை வைக்கக்கூடாது, யாரையும் விரட்டக்கூடாது. கிடாவைக்கூடக் காப்பு அவிழ்த்த பிறகு தெற்குக் கல்லுக்கு வெளியேதான் வெட்டுவார்கள்.

"காப்பு இருக்கையில கல்லு முன்னால சொன்ன சொல்ல மாத்தக் கூடாது" என்றார் பூசாரி. "எட்டாம் நாளு கட்டுன கைய அவுகவுகளா நீட்டணும். பிடிச்சு இழுக்கக் கூடாது. கடைசிக் கை நீட்டுற வரைக்கும் ஊருக்குக் காப்புத்தான்."

ஏன் இப்படி என்று கேட்டேன். "அது அப்படித்தான். எங்க பாட்டன் சொன்னது."

எட்டாம் நாள் நான் ஒலிபெருக்கியில் சாசனத்தைப் படிக்க வேண்டுமாம். பை இன்னும் பிரிக்கப்படாமல் மூலையில் இருக்கிறது.

வைகாசி 6, புதன்

முழுவதும் படித்துவிட்டேன். சுருக்கமாக எழுதுகிறேன்.

மேலே அரசன் புகழ். பிறகு நான்கு எல்லை. இதுவரைதான் அந்த வாத்தியார் படித்திருக்கிறார். அதற்குக் கீழே: இந்நான்கெல்லைக்கு உட்பட்ட நிலத்தை அஞ்சினான் புகலிடமாகக் கல்வெட்டிக் குடுத்தோம், அஞ்சி வந்தாரை இவ்வெல்லைக்குள் தொடவும் துரத்தவும் பெறார், இது தப்பினவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்திலே போகக்கடவன்.

போர் ஓயாத காலத்தில், பயந்து ஓடி வருகிறவர்கள் ஒதுங்குவதற்கென்று சில ஊர்களை இப்படி ஒதுக்கிவைப்பது உண்டு. இந்தப் பக்கத்தில் இது புதிதல்ல. பயந்தவனை உள்ளே விடுவதற்காக நட்ட கல் இது. வரிக்காரனுக்கு எதிராகக் கொஞ்ச காலம், அமீனாவுக்கு எதிராகக் கொஞ்ச காலம் நின்றிருக்கிறது. இப்போது உள்ளே இருப்பவளை வெளியே தள்ளுவதற்கு நிற்கிறது.

ஆனால் ஒரு வரியின் நடுவில் கல் தேய்ந்திருக்கிறது. அவசரப்பட்டுச் சொல்லக்கூடாது. நாளை இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

வைகாசி 7, வியாழன்

இன்னொரு முறை பார்த்தேன். அதேதான். தேய்வு முக்கியமான இடத்தில் இல்லை. இருந்தாலும் சாய்ந்த வெளிச்சத்தில் பார்ப்பது நல்லது.

அம்பலம் விழா மலரின் ஒரு பிரதியைக் கொண்டுவந்து கொடுத்தார். போன மாதமே அச்சாகிவிட்டது. மூன்றாம் பக்கத்தில் என் படம், எங்கிருந்து எடுத்தார்களோ. கீழே: "நான்கு எல்லைக்குள் குடியிருக்கத் தக்கவர் தகாதவர் யார் என்று முடிவு செய்யும் உரிமையைப் பாண்டிய மன்னர் நம் முன்னோருக்கு வழங்கினார். வாசித்தவர்: கல்வெட்டறிஞர் தில்லைநாயகம்."

"நான் இன்னும் படித்து முடிக்கவில்லையே" என்றேன்.

"அதான் படிச்சுட்டமே ஐயா, நீங்க எதுக்கு வீணாக் கண்ணைக் கெடுத்துக்கிறீங்க?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் லேசாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

எட்டாம் நாள் நான் படித்ததும் மலரில் உள்ளதை அவர் விளக்கிச் சொல்வார். காப்பு அவிழ்ப்பார்கள். பிறகு பஞ்சவர்ணத்தின் வீட்டுச் சாமானைத் தெற்குக் கல்லுக்கு வெளியே எடுத்துவைப்பார்கள். காப்பு இருக்கிறவரை விரட்ட முடியாதே, அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள். போலீஸ் என்று நான் மெதுவாக ஆரம்பித்தேன். "அவ அங்க ரெண்டு தடவ போயாச்சு. டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டாக" என்றார்.

வைகாசி 8, வெள்ளி

சாய்ந்த வெளிச்சத்திலும் அதேதான்.

வைகாசி 9, சனி

பஞ்சவர்ணத்தின் கணவன் சின்னையா லாரியில் சுமை ஏற்றுகிறவன். காப்புக் கட்டிய அன்று வெளியூரில் இருந்திருக்கிறான். இப்போது உள்ளே வர முடியாமல் தினமும் மாலை தெற்குச் சூலக்கல்லுக்கு அந்தப் பக்கம் வந்து நிற்கிறான். இந்தப் பக்கம் அவள். நடுவில் இரண்டு முழம் மண். நான் நடந்துபோனபோது பேசிக்கொண்டிருந்தார்கள்.

"பாத்திரத்த மட்டும் முன்னாலயே கட்டி வையி புள்ள. கடைசி நேரத்துல ஒடச்சுப்புடுவானுக."

"கட்ட மாட்டேன். கட்டுனா போறேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி."

என்னைப் பார்த்துவிட்டாள். "கல்லெழுத்து ஐயா, படிச்சாச்சா? என்ன போட்டிருக்கு?"

இன்னும் சரிபார்க்க வேண்டியிருக்கிறது என்றேன்.

"நல்லாப் பாருங்க. எங்க வீடு எந்திரிச்சு ஓடிராது. செவ்வாக்கெழம வரைக்கும் அங்கனதான் இருக்கும்."

மலரை அவளும் பார்த்திருக்கிறாள் போலும். நான் வேகமாகத் திரும்பி வந்துவிட்டேன். கால் வலி.

வைகாசி 10, ஞாயிறு

மகள் பூங்கோதை திருச்சியிலிருந்து பேசினாள். சாப்பாடு? நன்றாக இருக்கிறது. மாத்திரை? இருக்கிறது. ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது? தூசி. எப்போது வருவீர்கள்? செவ்வாய்.

ஒரு வாசகத்தை உறுதி செய்யாமல் பொதுவில் விளக்குவது எங்கள் துறையில் தவறு. இதைப் பிறருக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

வைகாசி 11, திங்கள்

ஒத்திகை. ஒலிபெருக்கி கட்டினார்கள். நான்கு இளைஞர்கள் கூடத்துக்குள் வந்து என் மைப்படிகளைப் புரட்டினார்கள். ஒருவன் ஒரு படியை வெளிச்சத்தில் பிடித்து, "பெரிசு, இதுல எங்க ஊரு பேரு எங்க இருக்கு?" என்றான். காட்டினேன். "அது போதும். அதுக்கு மேல எதுவும் வேணாம், என்ன?" என்று கன்னத்தில் தட்டிவிட்டுப் போனான். மெதுவாகத்தான் தட்டினான். காப்பு நாள் அல்லவா.

வைகாசி 12, செவ்வாய்

படித்தேன்.

கல்லில் உள்ளபடி, ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை. பொருள் சொல்லவில்லை. குரல் எழும்பவில்லை. ஒலிபெருக்கியும் இரைந்தது. படித்து முடித்ததும் கை தட்டினார்கள். அம்பலம் மலரைப் பிரித்து விளக்கம் வாசித்தார். இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்டத்தின் விளிம்பில் இருந்து பஞ்சவர்ணம் கேட்டாள்: "படிச்சீகளே ஐயா, அதையே கொஞ்சம் தமிழ்ல சொன்னா என்ன?"

"ஏய், உனக்கு இங்க பேச்சு இல்ல" என்று யாரோ அதட்டினார்கள். நான் நிமிரவில்லை.

காப்பு அவிழ்க்க வரிசை நின்றது. ஒவ்வொருவராகக் கையை நீட்டினார்கள், பூசாரி முடிச்சை அவிழ்த்துக் கல்லின் காலடியில் போட்டார். கிடாவைத் தெற்கே ஓட்டிப் போக ஆள் தயாராக நின்றது. பஞ்சவர்ணத்தின் வீட்டுப் பக்கமும் ஆள் நின்றது. மரியாதைக்காக எனக்கு முதலில் கட்டியதால் அவிழ்ப்பதும் எனக்குத்தான் முதலில் என்றிருந்தது. நான் பின்னால் நகர்ந்து நகர்ந்து கடைசி ஆளானேன்.

"நீட்டுங்க ஐயா" என்றார் பூசாரி.

கை வரவில்லை. இதை நான் யோசித்துச் செய்ததாக எழுதினால் பொய்யாகும். கை மடங்கி வயிற்றோடு ஒட்டிக்கொண்டது.

"என்னங்கய்யா?"

"இன்னும் ஒரு வரி சரிபார்க்க வேண்டும்" என்றேன்.

முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. அம்பலம் என் மணிக்கட்டைப் பிடிக்கப் பாய்ந்தார். பூசாரி அவர் குறுக்கே நின்றார். "தொடாதீக. காப்பு இன்னும் இருக்கு."

வைகாசி 13, புதன்

காலையில் சாப்பாடு வரவில்லை. கூடத்துக்கு மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டார்கள். கயிற்றுக் கட்டிலையும் எடுத்துப் போனார்கள்.

என்னைச் சுற்றி இளைஞர்கள் முறைவைத்து உட்காருகிறார்கள். தொடுவதில்லை. பேச மட்டும் செய்கிறார்கள். "எவன்கிட்டடா காசு வாங்குன?" "காரணமில்லாம ஒருத்திக்காக நிப்பானா? கெழட்டுப் பயலுக்கு ஆசையப் பாரு." இப்படி. என்னை யாரும் இதுவரை டா போட்டுப் பேசியதில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மைப்படியை விரித்துவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மதியம் பஞ்சவர்ணம் எல்லோரும் பார்க்கக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். ஊறுகாயும் இருந்தது. உப்பு அளவாக இருந்தது.

வைகாசி 14, வியாழன்

அம்பலம் வந்தார், தனியாக. நாளைக்கு அறந்தாங்கியில் அவர் தங்கை மகள் கல்யாணம். தாய்மாமன் முறை செய்ய வேண்டிய மனிதர். "ஊரே உங்களால கட்டிக் கெடக்கு. நாலு எழுத்துப் படிச்சவரு செய்யுற காரியமா?"

"யார் வேண்டுமானாலும் தாண்டிப் போகலாமே" என்றேன்.

"நான் தாண்டுனா நாளைக்கு எவன் மதிப்பான்? இந்தக் கல்லுதானே எனக்கு..." என்று பாதியில் நிறுத்திக்கொண்டார். வாயில் அடக்கப் புகையிலை இல்லாமல் தாடை சும்மா அசைந்துகொண்டிருந்தது.

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஒரு ஊரைப் பூட்டிவைக்க நான் யார்? கையை நீட்டிவிடலாம் என்று எழுந்து வாசல் வரை போனேன். அங்கிருந்து பார்த்தால் அவள் வீட்டுக் கூரை தெரிகிறது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். மாத்திரையை நேற்றிலிருந்து பாதியாக உடைத்துப் போடுகிறேன்.

பூங்கோதையிடம் வேலை நீள்கிறது என்றேன்.

வைகாசி 15, வெள்ளி

ஒன்று கவனித்தேன். எட்டு நாளுக்குத்தான் எல்லோரும் சாமான் வாங்கி வைத்திருந்தார்கள். மேலத்தெருக் கடையில் நேற்றே சீனியும் தேயிலையும் தீர்ந்துவிட்டன. வெளியிலிருந்து எதுவும் வர முடியாது. ஊரில் நிறைந்து கிடக்கிற ஒரே கடை, பங்குனியிலிருந்து யாரும் வாங்காத கடை.

விடிகிற நேரத்தில் முக்காடு போட்ட ஒரு பெண் அந்தக் கடையின் பின்பக்கத்திலிருந்து தூக்குவாளியோடு வந்தாள். அம்பலத்தின் மனைவி. என்னைக் கண்டதும் முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வைகாசி 16, சனி

பின்பக்கம் போனவர்கள் இன்று பக்கவாட்டில் போனார்கள். மதியத்துக்கு மேல் முன்பக்கமே போனார்கள். என் கன்னத்தில் தட்டிய பையன் தீப்பெட்டி வாங்கினான். பூசாரி கற்பூரம் வாங்கினார், "சாமிக்குத்தான்" என்று வானத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே.

சாயங்காலம் அம்பலமே தெருவில் இறங்கி நடந்தார். கூடத்து வாசலிலிருந்து எல்லாம் கேட்டது.

"ஒரு போயில."

"நான் தள்ளுபடி ஆளு. எங்கிட்ட வாங்குனா வாங்குனவுகளும் தள்ளுபடி. நீங்க போட்ட சட்டம்தான்."

"தெரியும்டி. குடு."

"டி போட்டாக் கெடையாது."

அம்பலம் துண்டை உதறித் தோளில் போட்டார். தொட முடியாது, விரட்ட முடியாது.

"குடும்மா" என்றார்.

கொடுத்தாள். அவர் வாங்கி வாயில் அடக்கிக்கொண்ட பிறகு அவள் உரக்கக் கூப்பிட்டாள்: "பூசாரி, கேட்டுக்கங்க! அம்பலமும் தள்ளுபடி!"

எங்கோ ஒரு கிழவி குபீரென்று சிரித்தாள். "அப்ப எல்லாருந்தானடி தள்ளுபடி. தள்ளி வைக்க இனி ஊருல எவ மிச்சம்?" சிரிப்பு தெருவில் பரவியது. நல்ல சிரிப்பு அல்ல. அவரைக் குத்துகிற சிரிப்பு. அம்பலம் நேராகக் கல்லின் முன்னால் வந்து நின்று சொன்னார்: "போதும். அவ இங்கயே இருந்துட்டுப் போறா. பேச்சு முடிஞ்சுது."

"காப்பு இருக்கையில கல்லு முன்னால சொன்ன சொல்லு" என்றார் பூசாரி. "மாத்த முடியாது."

நான் எழுந்தேன். கண் இருட்டியது, தூணைப் பிடித்துக்கொண்டேன். கல்லின் முன்னால் போய், "சரிபார்த்துவிட்டேன்" என்றேன்.

"என்னதான் போட்டிருக்கு?" என்று கேட்டது அம்பலம் அல்ல, பூசாரி.

சொன்னேன். பயந்து வருகிறவனுக்கு இது இடம். இந்த எல்லைக்குள் அவனைத் தொடக்கூடாது, துரத்தக்கூடாது. அவ்வளவுதான். கடைசிவரை சொல்லி முடித்தேன்.

பூசாரி கல்லைத் திரும்பிப் பார்த்தார். "அதத்தானே எட்டு நாளும் செஞ்சுக்கிட்டு இருக்கோம்" என்றார். "எதுக்குன்னுதான் தெரியாமப் போச்சு."

கையை நீட்டினேன். அவிழ்த்தார்.

வைகாசி 17, ஞாயிறு

காலைப் பேருந்து. யாரும் பையைத் தூக்கவில்லை, யாரும் வழியனுப்பவில்லை. விழா மலரின் மூன்றாம் பக்கத்தைக் கிழித்து வழியில் போட்டிருந்தார்கள், என் படம் மேலே தெரியும்படி. சுற்றிக்கொண்டு போனேன்.

பஞ்சவர்ணம் கடையில் வியாபாரத்தில் இருந்தாள். ஒரு சோப்பை எடுத்து என் பைக்குள் போட்டாள். "அன்னைக்கே சொல்லியிருந்தா எனக்கு நாலு நாளு தூக்கமாவது கெடச்சிருக்கும்" என்றாள். காசை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

தெற்குச் சூலக்கல்லில் சின்னையா உள்ளே வந்துகொண்டிருந்தான், நான் வெளியே போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அம்பலத்தின் குரல்: "யோவ்! இனிமே இந்த எல்லைக்குள்ள உன் கால் படக்கூடாது!"

திரும்பிப் பார்க்கவில்லை. பேருந்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மணிக்கட்டில் மஞ்சள் இன்னும் போகவில்லை. அவர் சொன்னது கல்லில் உள்ளதற்கு மாறானது. அஞ்சியவன் வரத் தடையில்லை என்றுதான் கல் சொல்கிறது. நான் அஞ்சியவன். இந்த ஒன்றை மட்டும் நான் சரிபார்க்க வேண்டியதில்லை.